உங்கள் ஷிப்டை நீங்களும் எழுதி வையுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சம்பளப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆள் ஆளுக்குக் கணக்குப் பார்த்துக் கவர் போடுவது என் வேலை. அதை விட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் சம்பளச் சீட்டையோ செல்போனையோ கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நிற்பார். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது சரிங்களா? இப்படிப் பிடிக்கலாங்களா?"

அவர்களுக்குச் சொல்லும் பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த உலகம் பனியன் கம்பெனி என்பதால் உதாரணங்கள் அங்கிருந்து வரும். ஜவுளிக்கடையிலோ மில்லிலோ கம்ப்யூட்டர் கம்பெனியிலோ இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகிவிட்டன. ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்று நான்கு. "பழைய சட்டமெல்லாம் போயிடுச்சு, இனி ஒண்ணும் கேக்க முடியாது" என்று சில சூப்பர்வைசர்கள் சொல்லித் திரிவதாகக் கேள்விப்படுகிறேன். அது உண்மையல்ல. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), போனஸ், கிராஜுவிட்டி (பணிக்கொடை), மகப்பேறு விடுப்பு எல்லாமே புதிய தொகுப்புகளிலும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு தனியாக இயற்றிய 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் அந்த 29இல் சேரவே இல்லை.

இனி ஒன்றரை ஷிப்டுக்கு வருவோம். எங்கள் ஊரில் எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். அதற்கு மேல் நான்கு மணி நேரம் ஓட்டினால் "ஒன்றரை". ஷிப்டுக்கு 500 ரூபாய் என்றால் ஒன்றரைக்கு 750. டைலர் முதல் கைமடி உதவியாள் வரை எல்லாரும் இப்படித்தான் கணக்குச் சொல்வார்கள். நானும் பல வருடம் இப்படித்தான் கவர் போட்டேன். ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் சரி, இப்போதைய தொகுப்பிலும் சரி, கூடுதல் நேர வேலைக்கு இரண்டு மடங்கு சம்பளம். வாரத்தில் ஆறு நாளும் ஒரு ஷிப்ட் வேலை பார்த்தால் 48 மணி நேரம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் மூன்று நாள் அரை ஷிப்ட் ஓட்டியிருக்கிறார் என்று வையுங்கள். பன்னிரண்டு மணி நேரம். ஊர் வழக்கப்படி அதற்கு 750 ரூபாய் கிடைக்கும். சட்டப்படி கிடைக்க வேண்டியது 1,500. ஒரு வாரத்துக்கு 750 ரூபாய் குறைகிறது. சீசன் நேரத்தில் மாதக்கணக்கில் இப்படி ஓடுகிறது.

"பீஸ் ரேட்டுக்கு இது கிடையாதுங்களே?" என்று கேட்பார்கள். உண்டு. பீஸ் ரேட்காரருக்கும், அதாவது ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கும், சராசரி வருமானத்தை வைத்துக் கூடுதல் நேரக் கூலி கணக்கிட வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. புதிய தொகுப்பின்படி கூடுதல் நேரம் வேலை வாங்கத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். "இன்னைக்கு முடியாதுங்க, கொழந்தைக்குக் காய்ச்சல்" என்று சொல்வதைக் குற்றமாக எழுத யாருக்கும் இடமில்லை.

கடைகளுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். தமிழ்நாட்டுக் கடைகள் சட்டப்படி நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. கூடுதலாக வேலை வாங்கினாலும் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும். 2021இல் இந்தச் சட்டத்தில் 22ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை போட்டுத் தர வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் வருடக்கணக்கில் போராடி, 2018இல் அங்கே இந்த உரிமை சட்டமானது. மூன்று வருடம் கழித்து இங்கேயும் வந்தது. அடுத்த முறை ஜவுளி எடுக்கப் போகும்போது, புடவையைப் பிரித்துக் காட்டுகிற பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா என்று பாருங்கள். பல கடைகளில் இன்னும் இல்லை. காலையில் பத்து மணிக்கு நின்ற கால் இரவு பத்து மணிக்குத்தான் உட்கார்கிறது. நரம்பு சுருட்டிக்கொண்டு, சாக்ஸுக்கு மேலே கால் வீங்கிய பெண்களை எனக்கே தெரியும்.

இதையெல்லாம் கேட்க வேண்டுமென்றால் கையில் கணக்கு வேண்டும். ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் செக்கிங்கில் ஒரு அக்கா இருந்தார். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் அன்றன்று கிழிக்கும் தாளை அவர் தூக்கிப் போடமாட்டார். அதன் பின்பக்கம் பேனாவால் 1 அல்லது 1½ என்று எழுதி, வந்த நேரமும் போன நேரமும் குறித்து, ரப்பர் பேண்ட் போட்டு டிபன் டப்பா பையில் வைத்திருப்பார். ஒரு மாதம் சம்பளத்தில் மூன்று ஷிப்ட் குறைந்தது. கவுண்டரில் கத்தவில்லை, அழவில்லை. தாள்களை என் மேசையில் வரிசையாகப் பரப்பிவிட்டு, "தம்பி, வாட்ச்மேன் நோட்டைக் கொண்டாரச் சொல்லுங்க, ஒத்துப் பாத்துரலாம்" என்றார். கேட் நோட்டில் மூன்று நாளும் அவர் கையெழுத்து இருந்தது. எங்கள் ரிஜிஸ்டரில்தான் விட்டுப் போயிருந்தது. அன்று மாலையே பணம் கொடுத்தோம். அதே மாதம் இன்னும் ஏழெட்டுப் பேர் குறைகிறது என்று வந்தார்கள். அவர்களிடம் எந்தக் குறிப்பும் இல்லை. "பாக்கலாம், அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லும்படி மேலிடத்தில் சொன்னார்கள். நானும் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. வருகைப் பதிவு இயந்திரத்தின் முன்னால் ஒரு படம், சம்பளச் சீட்டு ஒரு படம், ஐடி கார்டு இரண்டு பக்கமும் ஒரு படம், சூப்பர்வைசர் "சண்டே வேலை இருக்கு, எல்லாரும் வரணும்" என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. இவ்வளவு போதும், பாதி வழக்கு இதிலேயே நின்றுவிடும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தரவில்லையே, நான் அந்தக் கம்பெனி ஆள் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். காகிதம் தராததாலேயே நீங்கள் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. வங்கிக் கணக்கில் வந்த சம்பளம், பிஎஃப் பதிவு, வருகைக் குறிப்பு எல்லாமே சாட்சிதான். புதிய தொகுப்பின்படி நியமனக் கடிதம் தருவது முதலாளியின் கடமை.

அடுத்து பிஎஃப். என் வாசலுக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் வரை வாங்குகிற எல்லாருக்கும் பிஎஃப் கட்டாயம். உங்களிடம் 12 சதவீதம் பிடிப்பார்கள். கம்பெனியும் தன் பங்காக 12 சதவீதம் கட்டும். 12,000 ரூபாய்க்கு உங்கள் பங்கு 1,440, கம்பெனி பங்கு 1,440. பாஸ்புக்கைத் திறந்தால் மூன்று எண்கள் தெரியும்: 1,440, 440, 1,000. "கம்பெனி 440 தான் கட்டியிருக்குது, மிச்சத்த ஏமாத்திட்டாங்க" என்று பதறிக்கொண்டு வருவார்கள். ஏமாற்றவில்லை. கம்பெனியின் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. அதுதான் அந்த 1,000. பத்து வருடச் சேவை இருந்தால் வயதான காலத்தில் மாதாமாதம் பென்ஷன் வரும்.

உண்மையில் ஏமாற்று நடப்பது வேறு இடத்தில். கம்பெனியின் பங்கையும் சேர்த்துத் தொழிலாளியின் கூலியிலேயே பிடிக்கிற காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். "ரெண்டு பங்கும் உங்க காசுதான், ரிட்டயர் ஆனா உங்களுக்குத்தானே வரும்" என்று சமாதானம் வேறு சொல்வார்கள். இது சட்டத்துக்கு நேர் விரோதம். முதலாளியின் பங்கை எந்தப் பெயரிலும் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இஎஸ்ஐக்கும் இதே விதிதான். ஆபீஸ் வேலைகளில் இந்த விஷயம் கொஞ்சம் குழப்பமாக வரும். வேலைக்குச் சேரும்போது "வருடத்துக்கு இவ்வளவு லட்சம்" என்று சொல்கிற மொத்தத் தொகைக்குள் கம்பெனி பங்கையும் சேர்த்துக் காட்டுவார்கள். அது கம்பெனிக்கு ஆகிற மொத்தச் செலவின் கணக்கு, உங்கள் சம்பளமல்ல. அதனால் கையெழுத்துப் போடும் முன் "மாசம் கைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு தந்திரம், அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்து மிச்சத்தையெல்லாம் அலவன்ஸ் என்று போடுவது. அடிப்படை குறைந்தால் பிஎஃப் குறையும், கிராஜுவிட்டியும் குறையும். புதிய ஊதியத் தொகுப்பு இதற்கு ஒரு கட்டுப் போட்டிருக்கிறது. அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டுகிற தொகையும் ஊதியமாகவே கணக்கில் வரும்.

சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தால் மட்டும் போதாது, அது கட்டப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் உமாங் செயலியில் உங்கள் பன்னிரண்டு இலக்க யுஏஎன் எண்ணை (பிஎஃப்புக்கான உங்கள் நிரந்தர எண்) போட்டால் மாதவாரியாகத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். கூடவே உங்கள் பெயரையும் சரிபாருங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய தலைவலி. ஆதாரில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், பிஎஃப்பில் ஒற்றை எழுத்து இருக்கும், வங்கியில் கணவர் பெயர் இருக்கும். வேலையில் இருக்கும்போது இதைத் திருத்துவது சுலபம். கம்பெனி மூடிய பிறகு திருத்த அலைந்தவர்களின் பாடு சொல்லி மாளாது. பெயர் ஒத்துவராமல் மகள் கல்யாணத்துக்குப் போட்ட அட்வான்ஸ் திரும்பி வந்து, வட்டிக்கு வாங்கியவர்கள் உண்டு.

இஎஸ்ஐ பற்றி நம்மவர்களுக்கு ஒரு அலட்சியம் இருக்கிறது. "அங்க போனா மாத்திரை மட்டும்தான் தருவாங்க" என்பார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் 0.75 சதவீதம் கட்டுகிறார், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். 14,000 ரூபாய் சம்பளத்துக்கு நீங்கள் கட்டுவது 105 ரூபாய். அதற்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. மருத்துவர் சான்றோடு படுத்திருக்கும் நாட்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. மெஷினில் கை மாட்டி வேலைக்கு வர முடியாமல் போனால் 90 சதவீதம். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். இதில் ஒவ்வொன்றுக்கும் சில நிபந்தனைகள் இருக்கின்றன. ஆனால் எவற்றையும் கேட்காமலேயே விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். விபத்து நடந்தால் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். "வீட்ல கீழ விழுந்துட்டேன்னு சொல்லிரு, பிரைவேட் ஆஸ்பத்திரி செலவ நாங்க பாத்துக்கறோம்" என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். முதல் வாரச் செலவைப் பார்ப்பார்கள். விரல் நிரந்தரமாக மடங்காமல் போனால் ஆயுள் முழுக்க வர வேண்டிய ஊனத் தொகை அந்த ஒரு பொய்யோடு போய்விடும். தயவு செய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

போனஸ் விஷயம் நம்மவர்களுக்கு ஓரளவு தெரியும், சுருக்கமாக முடிக்கிறேன். 21,000 ரூபாய்க்குள் சம்பளம், வருடத்தில் 30 நாளாவது வேலை, இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள இடம் என்றால் குறைந்தது 8.33 சதவீதம். கம்பெனி நஷ்டத்தில் ஓடினாலும் இந்தக் குறைந்தபட்சம் உண்டு. முதலாளி மனசு வைத்துத் தரும் தீபாவளி இனாம் என்று நினைக்க வேண்டாம்.

கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் வேண்டும். கடைசியாக வாங்கிய அடிப்படை, பஞ்சப்படியை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். 15,000 ரூபாய், ஏழு வருடம் எட்டு மாதம் என்றால், ஆறு மாதம் தாண்டிய பகுதியும் ஒரு வருடம் என்பதால் எட்டு வருடக் கணக்கு: சுமார் 69,231 ரூபாய். நாலேகால் வருடத்திலோ நாலரையிலோ கணக்கு முடித்து, ஒரு மாதம் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வது எதற்கு என்று இப்போது புரிகிறதா? நான்கு வருடம் முடிந்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே ஐந்து வருடமாகக் கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால் இந்த ஐந்து வருட நிபந்தனையே கிடையாது, குடும்பத்துக்குத் தொகை வந்தாக வேண்டும். இத்தனை காலத்துக்கு என்று எழுதிச் சேர்க்கப்பட்ட ஒப்பந்த ஊழியர்களுக்குப் புதிய தொகுப்பு ஒரே வருடத்தில் கிராஜுவிட்டி உரிமையைத் தந்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்கென்றே 1981இல் ஒரு சட்டம் வந்தது. அதிகம் பேருக்குத் தெரியாது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. "டெம்பரரி" என்று பத்து வருடமாக அழைக்கப்படுகிறவர்கள் தங்கள் நாட்களை எண்ணிப் பார்க்கலாம். காலண்டர் தாளை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகவும்தான்.

"நாளைல இருந்து வராத" என்று சொன்னால் என்ன செய்வது? கடை, நிறுவனங்களில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்க முடியாது. நோட்டீஸ் கொடுக்கவில்லை என்றால் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். தப்புச் செய்தார் என்று நீக்குவதானால் விசாரணை நடத்தியிருக்க வேண்டும். தொழிற்சாலையில் ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை ஆள்குறைப்பு என்று அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸோடு, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும். இந்தச் செலவெல்லாம் வேண்டாம் என்றுதான் "நீயே எழுதிக் குடுத்துட்டுப் போயிரு, நல்ல பேரோட போவ" என்பார்கள். உங்கள் கையால் ராஜினாமா எழுதிவிட்டால் ஆள்குறைப்பு உரிமை எதுவும் மிஞ்சாது. இரண்டு நாள் டைம் கேளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து எப்போதும் வேண்டாம். ராஜினாமாவோ நீக்கமோ எதுவானாலும், நிலுவைச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது புதிய விதி. 45 நாள், 60 நாள் என்று இழுப்பது பழைய பழக்கம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கையைப் பிடிப்பது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது, ராத்திரி பதினொன்றுக்கு மெசேஜ் அனுப்புவது, ஒத்துவராததால் கஷ்டமான மெஷினுக்கு மாற்றுவது, எல்லாமே 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பெண் தலைமையில் உள்விசாரணைக் குழு இருக்க வேண்டும். பத்துக்குக் குறைவாக இருந்தாலோ, புகார் முதலாளி மேலேயே இருந்தாலோ மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ விடுப்போ கேட்டு வாங்கும் உரிமை புகார் கொடுத்தவருக்கு இருக்கிறது. சகித்துக்கொண்டு போவது உங்கள் சம்பளத்துக்கு உட்பட்ட வேலை அல்ல.

கடைசியாக எல்லாரும் கேட்பது: "புகார் குடுத்தா வேல போயிருமே?" இந்தப் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டு வாடகை, குழு லோன், பிள்ளை ஃபீஸ் மூன்றும் ஐந்தாம் தேதிக்குள் வரும்போது யாரும் சட்டப் பிரிவு எண்ணைச் சாப்பிட முடியாது. அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். ஒரே குறை பத்துப் பேருக்கு இருக்கும், பத்துப் பேரும் கையெழுத்துப் போடுங்கள். சங்கம் இருந்தால் சங்கத்தின் வழியாகப் போங்கள். 1918இல் சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து சங்கம் கட்டியதும் இப்படி ஒருவர் தனியாகப் பேச முடியாத குறைகளுக்காகத்தான். வேலையில் இருக்கும்போது கேட்க முடியவில்லை என்றால், விட்டு வந்த பிறகாவது கேளுங்கள். ஊதியத் தொகுப்பின்படி சம்பள பாக்கிக்கு மூன்று வருடம் வரை மனுப் போடலாம்.

சம்பளம், குறைந்தபட்சக் கூலி, கூடுதல் நேரக் கூலி போன்றவற்றுக்கு மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகம். பிஎஃப்புக்கு மண்டல வருங்கால வைப்பு நிதி அலுவலகம், இணையத்திலும் புகார் போடலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100க்குப் போன் செய்யுங்கள், அது இலவசச் சட்ட உதவி எண். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமில்லாமல் வழக்கறிஞர் தரும்.

மனுவை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். எந்தத் தேதி சேர்ந்தீர்கள், என்ன சம்பளம், எந்த மாதம் எவ்வளவு குறைகிறது, என்ன வேண்டும். கோபத்தை அதில் எழுத வேண்டாம், தொகையை எழுதுங்கள். சாட்சிகளின் ஜெராக்ஸை மட்டும் இணைத்து, ஒரிஜினலை வீட்டில் வையுங்கள். இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றை அவர்களிடம் கொடுத்துவிட்டு, மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வராதீர்கள்.